கொதிக்க வைக்காமல் பாலியஸ்டர், நைலான் துணிக்குச் சாயம்: பென்சைல் ஆல்கஹால் முறை

ஈப்போ லிட்டில் இந்தியாவுக்குப் போய்ச் சேலை எடுத்து வந்தாலும், அதற்குப் பொருத்தமான பிளவுஸ் துணி சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணத்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்கிற துணியும் பெரும்பாலும் பாலியஸ்டர் கிரேப்போ சாட்டினோதான். தமிழ்ப்பள்ளி நடன உடைக்கு நைலான் வலை, தோட்டத்துப் பந்துக் குழுவுக்கு ஜெர்சி, காவடி அலங்காரத்துக்கு மஞ்சள் சாட்டின் என்று எதை எடுத்தாலும் செயற்கை இழைதான். இவற்றுக்கு வீட்டிலேயே சாயம் ஏற்ற முடியும். ஆனால் பருத்தித் துணிக்குச் செய்வதை அப்படியே இதற்கும் செய்தால், சாயமெல்லாம் தண்ணீரிலேயே நின்று துணி வெளுத்தபடியே வெளியே வரும்.

பாலியஸ்டர் இழை மூடிய இழை. தண்ணீர் அதற்குள் ஏறாது. ஏறத்தாழ 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அதன் உள்சங்கிலிகள் கொஞ்சம் அசையத் தொடங்கும். சாயம் தாராளமாக உள்ளே போக வேண்டுமென்றால் 130 டிகிரி வேண்டும். அதனால்தான் ஆலைகளில் அழுத்தக் கலனுக்குள் வைத்துச் சாயம் போடுகிறார்கள். வீட்டு அடுப்பில் 100-க்கு மேல் போக வழியில்லை. கேமரன் மலையில் தானா ராத்தா உயரத்தில் 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் ஆல்கஹால். அது இழைக்குள் புகுந்து சங்கிலிகளை இளக்குகிறது. 130 டிகிரி செய்கிற வேலையில் ஒரு பங்கை அதுவே செய்துவிடுவதால், 85 முதல் 95 டிகிரிக்குள் நடுத்தர நிறம் வரைக்கும் கிடைத்துவிடுகிறது. நைலானுக்கு இன்னும் வசதி. வழக்கமாக 95 டிகிரிக்கு மேல் கொண்டுபோகிற துணியை 60, 65 டிகிரியிலேயே முடித்துவிடலாம்.

எந்த ஆல்கஹால்?

பலரும் சறுக்குகிற இடம் இதுதான். ஆல்கஹால் என்றதும் மருந்துக்கடை ஐசோபுரோப்பைல், ஹார்ட்வேர் கடை மெத்திலேட்டட் ஸ்பிரிட், கைச்சுத்திகரிப்பான் என்று கைக்கு எட்டுவதை ஊற்றுகிறார்கள். எத்தனால் 78 டிகிரியிலும் ஐசோபுரோப்பைல் 82 டிகிரியிலும் கொதித்து ஆவியாகிவிடும். பாலியஸ்டரை இளக்கும் வேலைக்கு இரண்டும் பயன்படாது. சாயத் தூளைக் கரைக்க வேண்டுமானால் உதவும், அவ்வளவுதான். எல்லாவற்றையும்விட, இவற்றின் ஆவி சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். கேஸ் அடுப்பின் மேல் இவற்றைச் சூடுபடுத்துவது வீட்டைக் கொளுத்துகிற வேலை. எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

வேண்டியது பென்சைல் ஆல்கஹால். நிறமில்லாத, சற்றே கெட்டியான திரவம். லேசான வாசம் உண்டு. கொதிநிலை 205 டிகிரி. தீப்பற்றும் ஆவி தரும் வெப்பநிலையே 90-க்கு மேல்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் அறை வெப்பத்தில் ஏறத்தாழ 40 கிராம் கரையும். இந்த 40 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறையில் நேர்கிற கோளாறுகளில் பாதி அதைத் தாண்டுவதால் வருபவை.

சோப்பு, அழகுப்பொருள் செய்பவர்களுக்கு மூலப்பொருள் விற்கும் கடைகளிலும், இணைய விற்பனைத் தளங்களிலும் கிடைக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள். அழகுப்பொருள் கெடாமல் இருக்கப் போடும் கலவைகள் சிலவற்றில் பென்சைல் ஆல்கஹாலோடு வேறு அமிலங்களும் சேர்ந்திருக்கும். அது நமக்கு வேண்டாம். சுத்தமானது என்று போட்டிருக்க வேண்டும். திறந்து வெகுநாள் கிடந்த போத்தலில் பாதாம் வாசம் தூக்கலாக அடித்தால், காற்றுப் பட்டு ஒரு பகுதி பென்சால்டிஹைடாக மாறிவிட்டது என்று அர்த்தம். சாயம் பிடிக்கும், ஆனால் வாசம் துணியை விட்டுப் போகாது.

துணி எது, சாயம் எது

முதலில் துணியை அடையாளம் காணுங்கள். ‘சில்க்’ என்று எழுதி விற்பதெல்லாம் பட்டு அல்ல. ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, சாமணத்தில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு நெருப்பில் காட்டுங்கள். பாலியஸ்டர் சுருங்கி உருகும், கரும்புகை விடும், நுனியில் கறுத்த கெட்டி மணி நிற்கும். நைலான் புகை குறைவாக உருகும், மணி வெளிறியிருக்கும், செலரிக் கீரை வாசம் வரும். காகிதம் எரிகிற வாசமும் சாம்பலும் வந்தால் பருத்தியோ ரேயானோ. வினிகர் வாசம் வந்தால் அசிட்டேட். அசிட்டேட்டுக்கு இந்த முறை ஆகாது. பென்சைல் ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். அதற்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் எந்தச் சேர்ப்பும் இல்லாமலே 80 டிகிரியில் சாயம் ஏறும் துணி அது. இன்று பாலியஸ்டருக்குப் போடும் சாய வகையே 1920-களில் அசிட்டேட்டுக்காக உருவாக்கப்பட்டதுதான்.

பாலியஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், அதாவது தண்ணீரில் நுண்துகளாகப் பரவி நிற்கும் சாய வகை, மட்டுமே. ரிட் டைமோர், ஐடை பாலி ஆகியவை இந்த வகை. பாத்தேக் கடைகளில் கிடைக்கும் ரெமசோல் சாயம் பருத்திக்கும் ரேயானுக்கும் பட்டுக்கும் உரியது. பாலியஸ்டரில் ஒரு கழுவலுக்குக்கூட நிற்காது. நைலானுக்கு அமிலச் சாயம், அதாவது வினிகர் போன்ற அமிலம் சேர்த்தால் ஒட்டும் சாய வகை, சிறந்தது. டிஸ்பர்ஸும் ஏறும், ஆனால் கழுவக் கழுவ மங்கும்.

தூளாக வாங்குபவர்கள் டிஸ்பர்ஸ் சாயத்தின் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். மூலக்கூறு சிறியதாக இருந்தால் குறைந்த வெப்பத்திலேயே இழைக்குள் புகும். மஞ்சள் 54, சிவப்பு 60, நீலம் 56 மூன்றும் அப்படிப்பட்டவை. இந்த மூன்றை வைத்தே பெரும்பாலான நிறங்களைக் கலக்கலாம். நீலம் 79, சிவப்பு 167 போன்றவை பெரிய மூலக்கூறுகள், அவை 130 டிகிரிக்கென்றே செய்யப்பட்டவை. கடையில் விற்கும் கறுப்பும் கருநீலமும் பெரும்பாலும் அந்த வகைச் சாயங்களின் கலவை. அதனால்தான் 90 டிகிரியில் கறுப்பு போட்டால் பழுப்போ மங்கிய நீலமோ வருகிறது. ஆல்கஹாலைக் கூட்டினாலும் அது சரியாகாது. ஆழ்ந்த கறுப்பு வேண்டுமென்றால் கறுப்புத் துணியையே வாங்கிவிடுங்கள், நேரமும் சாயமும் மிச்சம்.

உடம்போடு ஒட்டி உடுத்தும் துணிக்கு நீலம் 106, நீலம் 124, மஞ்சள் 3 வேண்டாம். தோல் ஒவ்வாமை உண்டாக்குபவை என்று நன்கு அறியப்பட்டவை இவை. நம் ஊர் வெயிலில் வியர்வை ஊறும் பிளவுஸுக்கும் ஜெர்சிக்கும் இது முக்கியம். கைக்குழந்தைத் துணிக்கு இந்த முறையையே தொட வேண்டாம்.

சாமான்கள்

எவர்சில்வர் பானை, அல்லது உடையாத எனாமல் பானை. அலுமினியம் அமிலத்தோடு வினைபுரியும் என்பதால் ஆகாது. சாயத்துக்கு எடுத்த பானையும் கரண்டியும் அதன்பின் சமையலுக்கு வரவே கூடாது. 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, 10 மி.லி. சிரிஞ்சு, வெப்பமானி, பி.எச் தாள் (தண்ணீரின் அமில அளவைக் காட்டுவது), தடித்த நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி.

பென்சைல் ஆல்கஹால் பெயின்ட் உரிக்கும் மருந்துகளில் சேரும் பொருள். தெர்மோகோல் கப்பையும் கடினமான தெளிந்த பிளாஸ்டிக் அளவுக் குவளையையும் அரித்துவிடும். கண்ணாடிக் குவளையில் அளவெடுங்கள். கையுறையில் சுத்தத் திரவம் சிந்தினால் உடனே மாற்றுங்கள், ஊடுருவிவிடும். வேலையை வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட திறந்த இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது. சூட்டில் நீராவியோடு ஆல்கஹாலும் கொஞ்சம் எழும், அடைத்த சமையலறையில் தலை வலிக்கும். கேஸ் அடுப்பைவிட மின்தூண்டல் அடுப்பு மேல், ஏனென்றால் வெப்பத்தை ஒரே நிலையில் நிறுத்தலாம். எந்த அடுப்பானாலும் மூடிய போத்தல் அதிலிருந்து தள்ளியே இருக்கட்டும். பிரஷர் குக்கரில் 120 டிகிரி வருகிறதே என்று சிலர் முயல்கிறார்கள். துணி நூல் வால்வை அடைத்தால் குக்கர் வெடிக்கும். அதில் கரைப்பானும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

முதலில் துண்டுச் சோதனை

நல்ல துணியை நேராகப் பானையில் போடாதீர்கள். அதே துணியிலிருந்து 20 சென்டிமீட்டர் சதுரத்தில் நாலு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். சாதாரண கிரேப் என்றால் ஒவ்வொன்றும் 4, 5 கிராம் இருக்கும். 1 கிராம் சாயத்தை 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வைத்தால், அதில் 10 மி.லி. எடுத்தால் 0.1 கிராம் சாயம். தராசில் நிறுக்க முடியாத அளவைச் சிரிஞ்சில் அளந்துவிடலாம்.

நாலு கண்ணாடி ஜாடியில் தலா 200 மி.லி. தண்ணீர், 10 மி.லி. சாயக் கரைசல். முதல் ஜாடியில் ஆல்கஹால் இல்லை. இரண்டாவதில் 3 மி.லி., மூன்றாவதில் 6, நாலாவதில் 9. லிட்டருக்கு 0, 15, 30, 45 மி.லி. என்ற கணக்கு. நாலையும் ஒரே பானைத் தண்ணீருக்குள் நிறுத்தி, 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அவ்வப்போது கிளறுங்கள்.

முதல் துண்டு வெளிறி நிற்கும். இரண்டாவதும் மூன்றாவதும் படிப்படியாக அடரும். நாலாவது பல சமயம் மூன்றாவதைவிட அடர்த்தி குறைந்தோ, புள்ளி விழுந்தோ வரும். இழையை இளக்குகிற ஆல்கஹாலே சாயத்தையும் தண்ணீரில் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். அளவு மீறினால் சாயத்துக்கு இழையைவிடத் தண்ணீரே வசதியாகிவிடுகிறது. உங்கள் துணிக்கு எது பொருந்துகிறது என்பதை இந்த நாலு துண்டு சொல்லிவிடும். அடர்ந்தும் சீராகவும் வந்த துண்டின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது 20-க்கும் 30-க்கும் நடுவில் விழும்.

பாலியஸ்டர் பிளவுஸ் துணி, 1 மீட்டர், 100 கிராம்

தைப்பதற்கு முன்பே சாயம் போடுங்கள். தைத்த பிறகு போட்டால் உள்ளே கொடுத்த பருத்தி லைனிங் வெள்ளையாகவே நிற்கும், பருத்தி நூலால் தைத்திருந்தால் தையல் கோடும் தனியே தெரியும்.

சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) லிட்டருக்கு 2 கிராம், பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு, 60 டிகிரித் தண்ணீர். அதில் 20 நிமிடம் அலசிப் பிழியுங்கள். புதுத் துணியில் இருக்கும் கஞ்சியும் எண்ணெய்ப் பூச்சும் போகாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும். நன்றாகத் தண்ணீரில் அலசி சோடாவை நீக்கிவிட வேண்டும், சாயத் தண்ணீர் அமிலமாக இருக்க வேண்டியது.

பானையில் 3 லிட்டர் தண்ணீர். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி., சாதாரண வினிகர். பி.எச் 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். தாளில் பார்த்து, பி.எச் கூடுதலாக இருந்தால் இன்னும் சில சொட்டு வினிகர்.

75 மி.லி. பென்சைல் ஆல்கஹாலை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, அதே அளவு வெந்நீரும் அரைத் தேக்கரண்டி பாத்திரத் திரவமும் சேர்த்து, பால்போல் ஆகும்வரை குலுக்குங்கள். தண்ணீர் 50 டிகிரி வந்ததும் கிளறிக்கொண்டே இதை ஊற்றுங்கள். இப்போது ஒரு கரண்டி தண்ணீரை வெள்ளைத் தட்டில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். தெளிவாகவோ ஒரே சீரான மங்கலாகவோ இருந்தால் சரி. தட்டின் அடியில் சின்னச் சின்ன உருண்டைகள் மின்னிக்கொண்டு நகர்ந்தால் இன்னும் கரையவில்லை. பென்சைல் ஆல்கஹால் தண்ணீரைவிடக் கனம், எண்ணெய்போல் மேலே மிதக்காது, அடியில்தான் இறங்கும். பானையை மேலிருந்து பார்த்துவிட்டு நன்றாகக் கலந்துவிட்டது என்று நினைத்து ஏமாறுவது இதனால்தான். அடியில் கிடக்கும் அந்தத் துளிகள் சாயத்தை உறிஞ்சிக்கொண்டு காத்திருக்கும். துணி அடியைத் தொடும் இடத்தில் கருத்த வட்டப் புள்ளியாக ஒட்டும், பிறகு எதைப் போட்டாலும் போகாது.

நனைத்த துணியைப் போட்டு, சாயமில்லாமலே 10 நிமிடம் திருப்பித் திருப்பி விடுங்கள். ஆல்கஹால் எல்லா இடத்திலும் சமமாக ஏற வேண்டும்.

நடுத்தர நிறத்துக்கு 2 கிராம் சாயம், அடர்த்திக்கு 4 கிராம். 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, துணியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு ஊற்றுங்கள். துணியின் மேல் நேராக ஊற்றக் கூடாது.

இனி நிமிடத்துக்கு 1 டிகிரி என்ற கணக்கில் மெல்ல ஏற்றி 90-க்குக் கொண்டுவாருங்கள். மூடி போட்டே வையுங்கள், இல்லாவிட்டால் ஆவியோடு ஆல்கஹாலும் போய்க்கொண்டே இருக்கும். 60 நிமிடம் 90 டிகிரியில் நிற்கட்டும். முதல் அரை மணி நேரம் இடைவிடாமல் கிளறுங்கள். 130 டிகிரியில் சாயம் ஏறி இறங்கித் தானே சமனாகிக்கொள்ளும். குறைந்த வெப்பத்தில் அந்த நகர்வு குறைவு, முதலில் எங்கே ஒட்டியதோ அங்கேயே நின்றுவிடும். அந்தச் சமன் செய்கிற வேலையை இங்கே உங்கள் கைதான் செய்ய வேண்டும்.

இருபது நிமிடத்திலேயே நிறம் வந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். கண்ணுக்கு ஏறியதாகத் தெரிவது இழையின் மேற்புறத்துச் சாயம். உள்ளே போக மீதி நேரமும் வேண்டும். அவசரப்பட்டு எடுத்த துணிதான் முதல் கழுவலில் பாதியை விட்டுவிடும்.

அடுப்பை அணைத்து, பானையிலேயே 60 டிகிரிவரை ஆற விடுங்கள். 90 டிகிரியில் இளகிக் கிடக்கும் துணியை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டால், எப்படி மடிந்திருந்ததோ அப்படியே கெட்டிப்படும். அந்தச் சுருக்கத்தை இஸ்திரியாலும் எடுக்க முடியாது.

கழுவுவதும் சாயம் போடுவதில் பாதி

துணிக்குள் தங்கும் ஆல்கஹாலும், மேலே ஒட்டிய சாயமும் இரண்டும் போக வேண்டும். ஆல்கஹால் மிஞ்சினால் வாசம் மட்டுமல்ல, வெயிலில் நிறமும் சீக்கிரம் மங்கும். 60 டிகிரிச் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம், இருமுறை. பிறகு காற்றாடும் நிழலில் நன்றாக உலர்த்துங்கள். உலர்ந்த பின்னும் முகர்ந்து பார்த்து வாசம் இருந்தால் மறுபடி ஒரு முறை.

அடர்ந்த நிறமாக இருந்தால் சோப்பு போதாது. லிட்டருக்குச் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட் 2 கிராம், சோடா ஆஷ் 3 கிராம், 70 டிகிரி, 15 நிமிடம். இது மேலே ஒட்டிய சாயத்தை மட்டும் அழிக்கும். பாலியஸ்டருக்குள் போன சாயத்தை அது எட்டாது. நாற்றம் அடிக்கும், திறந்த இடத்தில் செய்யுங்கள். தூளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். நைலானில் போட்ட அமிலச் சாயத்துக்கு இதைச் செய்யவே கூடாது, நிறமே அழிந்துவிடும். ஜரிகை உள்ள துணிக்கும் கூடாது. இன்றைய ஜரிகையில் பெரும்பாலானது அலுமினியம் பூசிய பாலியஸ்டர் ஏடு, காரம் அந்த அலுமினியத்தைத் தின்றுவிடும்.

ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் இன்னும் கழுவ வேண்டும். இஸ்திரி எப்போதும் ஒரு புள்ளி அளவில், அதாவது குறைந்த சூட்டில்தான். சிறு மூலக்கூறுச் சாயம் சூட்டில் ஆவியாகி இஸ்திரித் துணிக்கும் பக்கத்துத் துணிக்கும் தாவும்.

சேலையோடு நிறம் ஒத்துப் பார்ப்பது உலர்ந்த துண்டில்தான், அதுவும் பகல் வெளிச்சத்தில். ஈரத் துணி எப்போதும் அடர்த்தியாகத் தெரியும். கடை டியூப் லைட்டில் அப்படியே ஒத்துப்போன அரக்கு, கோயில் வாசல் வெயிலில் வேறாகத் தெரியும்.

நைலான் வலை, லேஸ்

நைலான் வேறு மாதிரி. சாயம் பிடிக்காது என்பதல்ல, பிடித்த பிடியில் திட்டாகிவிடுவதுதான் அதன் தொல்லை. வலை பொங்கி நிற்கும் துணி, அதனால் 100 கிராமுக்கு 4 லிட்டர் தண்ணீர். அமிலச் சாயம் 1 கிராம், பென்சைல் ஆல்கஹால் 60 மி.லி. வினிகரைத் தொடக்கத்தில் போடாதீர்கள். 40 டிகிரியில் துணியை விட்டு, ஆல்கஹாலும் சாயமும் சேர்த்து, 65 டிகிரிவரை மெல்ல ஏற்றிய பிறகு 5 மி.லி. வினிகர், கால் மணி நேரம் கழித்து இன்னொரு 5 மி.லி. மொத்தம் 40 நிமிடம். தண்ணீர் ஏறத்தாழ நிறமற்றுப் போயிருந்தால் முடிந்தது.

வரி வரியாக நிறம் வேறுபட்டால் அது உங்கள் கைக்குற்றம் அல்ல, நூற்பில் இருக்கும் வேறுபாடு. 80 டிகிரிக்கு ஏற்றி அரை மணி கூடுதலாக வைத்தால் ஓரளவு சமனாகும். உணவு நிறங்களும் அமிலச் சாயங்களே, நைலானில் ஏறும். ஒருநாள் மேடைக்குப் போதும், கழுவிக் கழுவி உடுத்தும் துணிக்குப் போதாது.

ரப்பர்த் தோட்டங்களில் பால் உறைய வைக்க வைத்திருக்கும் சுக்கா கெத்தாவை வினிகருக்குப் பதிலாகப் போடலாமா என்று கேட்பதுண்டு. அது ஃபார்மிக் அமிலம் என்றால், ஆலைகளிலும் நைலானுக்குப் போடும் அமிலம்தான். ஆனால் விற்பனைக்கு வரும் கெட்டி அமிலம் நைலானையே கரைத்துவிடும், ஒரு சொட்டு விழுந்த இடத்தில் ஓட்டைதான். தோலையும் கண்ணையும் பொசுக்கும். சில இடங்களில் கந்தக அமிலமும் இதே வேலைக்கு விற்கப்படுவதால், போத்தலில் இருப்பது எது என்று உறுதியாகத் தெரியாது. இரண்டு தேக்கரண்டி வினிகர் செய்கிற வேலைக்கு இந்த ஆபத்து எதற்கு? வினிகரே போதும்.

எங்கே கெட்டுப்போகிறது

தண்ணீரில் சாயம் மிதமிஞ்சி நிற்க, துணி வெளிறியே இருக்கிறது என்றால் மூன்று காரணங்கள்: ஆல்கஹால் அதிகம், பாத்திரத் திரவம் அதிகம், அல்லது பெரிய மூலக்கூறுச் சாயம். முதல் இரண்டுக்கு ஒரு லிட்டர் வெந்நீர் சேர்த்து இன்னும் அரை மணி வைத்துப் பாருங்கள். மூன்றாவதுக்குச் சாயத்தை மாற்றுவது தவிர வழியில்லை.

துணி முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி இருந்தால் அது ஆல்கஹால் துளியல்ல, கரையாத சாயத் தூள். சாயத் தண்ணீரை ஒரு சொட்டு காபி வடிகட்டித் தாளில் விட்டுப் பாருங்கள். நடுவில் மணல்போல் நின்றால் சாயம் திரண்டுவிட்டது. மிக வேகமாகச் சூடேற்றினாலும் இப்படி ஆகும்.

ஏற்கெனவே நிறமுள்ள பாலியஸ்டரைப் போட்டால், ஆல்கஹால் பழைய சாயத்தில் கொஞ்சத்தை வெளியே இழுக்கும். அந்த நிறமும் புதிய நிறத்தோடு கலக்கும். அதனால் நிறத் துணியின் துண்டைச் சாயமில்லாத ஆல்கஹால் தண்ணீரில் மட்டும் ஒருமுறை சூடேற்றிப் பார்ப்பது நல்லது.

ஜெர்சியில் எலாஸ்டேன் (இழுத்தால் நீண்டு மீளும் இழை) கலந்திருந்தால் 80 டிகிரியைத் தாண்டாதீர்கள், இழுபட்டு மீளும் தன்மை போய்விடும். ரப்பர் அச்சில் போட்ட எண்ணும் பெயரும் இளகி ஒட்டிக்கொள்ளும். பசையில் ஒட்டிய கல், சமிக்கி, கண்ணாடி எல்லாம் இந்தத் தண்ணீரில் கழன்றுவிடும். பரதநாட்டிய உடையின் விசிறி மடிப்பு சூட்டில் பதித்தது. ஆல்கஹாலும் சூடும் சேர்ந்தால் மடிப்பு விட்டுப்போகும், துணியும் கொஞ்சம் சுருங்கும். மடிப்பு வைப்பதற்கு முன்பே சாயத்தை முடித்து, சுருங்குவதற்காக அளவில் கொஞ்சம் கூட்டி வெட்டிக்கொள்ளுங்கள்.

பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் பருத்தி வெள்ளையாகவே நிற்கும். சீரான நிறம் வேண்டுமென்றால், கழுவி முடித்த பிறகு பருத்திக்கென்று தனியாக ரெமசோல் சாயத்தில் இன்னொரு முறை போட வேண்டும்.

மிஞ்சிய சாயத் தண்ணீர்

அதை லோங்காங்கில் (தெருவோர வடிகாலில்) ஊற்றாதீர்கள், அது நேரே ஆற்றுக்குப் போகும். பென்சைல் ஆல்கஹால் இயற்கையில் எளிதாகச் சிதையக்கூடியதுதான், ஆனால் கெட்டியாக ஒரே நேரத்தில் ஊற்றினால் கழிவுத் தொட்டியின் நுண்ணுயிர்களையும் கொல்லும். சாயம் சிதையாது. நல்ல வழி, அதே தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்துவது. அடுத்த துணி அதே நிறமோ அதைவிட அடர்த்தியோ என்றால், முதலில் போட்ட ஆல்கஹாலில் மூன்றில் ஒரு பங்கையும் புதிய சாயத்தையும் சேர்த்து இரண்டு மூன்று முறை ஓட்டலாம். புதிதாகச் சேர்த்த ஆல்கஹால் கரையாமல் அடியில் கிடக்கலாம், மறுபடி 50 டிகிரிக்குச் சூடேற்றித் தட்டுச் சோதனை செய்த பிறகே துணியை விடுங்கள். கடைசியில் மிஞ்சுவதை நிறையத் தண்ணீரில் கலந்து, கழிவுநீர்க் குழாய் இணைப்புள்ள கழிப்பறையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். கழிவுத் தொட்டி மட்டுமே உள்ள வீடாக இருந்தால், ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம்.